வானூர்தி புறம், வழியனுப்புதல் அகம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

‘கலையும் கண்ணியமும்’ என்னும் பொதுத் தலைப்பின்கீழ் ஆளுக்கொரு கலையை எடுத்துக்கொண்டு பேசுமாறு வட்டத்தார் பணித்தனர். விமான நிலையங்களுக்கு அருகே நின்று வானூர்திகளைப் படம்பிடிக்கும் பொழுதுபோக்கையும், அதற்குரிய ஒழுகலாற்றையும் நான் எடுத்துக்கொண்டேன். ஏலக்காய் மணக்கும் போடிநாயக்கனூரில் விமான நிலையம் ஏது என்று சிலர் எண்ணலாம். நமக்கு அண்மையிலுள்ள பயணியர் நிலையம் மதுரையில்தான் இருக்கிறது. மேற்கே, ஏலமலையின் மறுபுறத்தில், வண்டிப்பெரியாற்றை அடுத்த சத்திரம் என்னும் இடத்தில் தேசிய மாணவர் படையின் பயிற்சிக்கென ஒரு சிறு ஓடுதளம் உண்டு. 2022 டிசம்பர் 1ஆம் நாள் அங்கு முதன்முதலாக ஒரு சிறு வானூர்தி இறங்கியது. ஆக, இப்பொருள் நமக்கு முற்றிலும் அயலானதன்று.

இதைத் தேர்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயின்ற மாணவி ஒருவரின் தந்தையார் வளைகுடா நாடொன்றில் பணிபுரிபவர். இரண்டாண்டுக்கொருமுறை வந்து போகும் தந்தையை வழியனுப்பச் சென்ற பழக்கத்தில் அம்மாணவிக்கு வானூர்திகள் மீது ஈடுபாடு பிறந்தது. உறவினர் ஒருவரின் ஸ்டூடியோவிலிருந்து இரவல் பெற்ற கேமராவுடன் ஒரு நகரத்து விமான நிலையத்தின் வேலியருகே நின்று படமெடுத்தார். காவலர்கள் அழைத்துச் சென்று நெடுநேரம் விசாரித்தனர். படங்களை அழிக்கச் செய்து அனுப்பினர். வழக்கு எதுவும் இல்லை. ஆனால் வீட்டில், “பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு?” என்ற ஒரே கேள்வியில் கேமரா திருப்பிக் கொடுக்கப்பட்டது. எங்கே நிற்கலாம், யாரிடம் கேட்கலாம், கேட்டால் எப்படி விடை சொல்லலாம் என்பதை அப்பெண்ணுக்கு முன்னரே யாரேனும் சொல்லியிருந்தால் ஒரு கலையார்வம் அன்றோடு முடிந்திருக்காது. அந்தச் சொற்களை இன்று இந்த அவையில் சொல்ல விழைகிறேன்.

முதலில், காவலர் ஏன் கேட்கிறார் என்பதை உணர்ந்துகொள்ள வேண்டும். நம்மூர்க்காரர்க்கு இதை விளக்குவது எளிது. காய் பறிக்கும் பருவத்தில் ஏலத்தோட்டத்துக்குள் முன்பின் அறியாத ஒருவர் பெரிய பையுடன் நின்று செடிகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் தோட்டக் காவற்காரர் என்ன செய்வார்? “யாரப்பா நீ? எந்த ஊர்?” என்று கேட்பார். வந்தவர் நல்லவராகவே இருக்கலாம். எனினும் கேட்பது அவர் கடமை. ஒரு தோட்டத்துக் காய்க்கே இவ்வளவு காவல் என்றால், நூற்றுக்கணக்கானோர் உயிரைச் சுமந்து செல்லும் ஊர்திகளுக்கு எவ்வளவு காவல் வேண்டும்? கேள்வியை அவமதிப்பாகக் கொள்ளாதிருத்தலே இக்கலையின் முதற்பாடம்.

சட்டத்தின் நிலையையும் அறிந்திருத்தல் நன்று. 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளுள் 13ஆம் விதி, அரசு விமான நிலையங்களிலும், பறக்கும் வானூர்தியிலிருந்தும் எழுத்துவழி இசைவின்றிப் படமெடுப்பதைத் தடை செய்தது. பின்னர்த் தளர்வுகள் வந்தன. பயணிகள் தம் இருக்கையிலிருந்து படம் எடுக்கலாம் என்றும், பறப்பின் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் வகையிலோ குழப்பம் விளைவிக்கும் வகையிலோ கருவிகளைக் கையாளலாகாது என்றும், 2004 டிசம்பர் 9ஆம் நாளிட்ட சுற்றறிக்கையை மேற்கோள் காட்டிச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2020 செப்டம்பரில் விளக்கியது. 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதே ஆண்டு மே மாதத்தில், படைத்துறையுடன் பொதுவாகப் பயன்படுத்தப்படும் வானூர்தித் தளங்களில், சிறப்பாக மேற்கு எல்லையை ஒட்டியவற்றில், 10,000 அடி உயரத்துக்குக் கீழே பறக்கையில் சன்னல் திரைகளை மூடிவைக்குமாறும் படமெடுக்கலாகாது எனவும் ஆணை பிறந்தது. விதிகள் காலத்துக்கேற்ப மாறுவன. ஆதலின் ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் அன்றைய விதியைக் கேட்டறிந்து செல்வதே அறிவுடைமை.

படைத்துறைத் தளங்களின் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டா. சூலூர், தஞ்சாவூர், தாம்பரம் ஆகியவை வான்படையின் தளங்கள். அரக்கோணமும், இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியும் கடற்படையின் வானூர்தித் தளங்கள். உச்சிப்புளித் தளத்துக்குப் ‘பருந்து’ என்று பெயர். பெயர் கவிஞர்களை ஈர்க்கலாம். ஆயினும் பருந்தின் கூட்டை எட்டிப் பார்ப்பது ஆகாது. 1923ஆம் ஆண்டின் அலுவல்முறை இரகசியச் சட்டம் கடுமையானது.

இவ்வாறு எட்டிப் பார்த்ததால் நேர்ந்த துன்பத்துக்கு வெளிநாட்டிலும் நம் நாட்டிலும் சான்றுகள் உள்ளன. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா வான்படைத் தளத்தில் பன்னிரு பிரித்தானியரும் இரு டச்சுக்காரரும் உளவு பார்த்ததாகக் கைது செய்யப்பட்டனர். வானூர்திகளின் எண்களைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. 2002 ஏப்ரலில் தண்டனை விதிக்கப்பட்டது. நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை கிடைத்தது. இடையில் ஓராண்டு கழிந்தது. 2010 பிப்ரவரியில் தில்லி விமான நிலையத்தருகே ஒரு விடுதி அறையில் தொலைநோக்கி, கேமரா, வானொலிக் கருவி ஆகியவற்றுடன் இருந்த இரு பிரித்தானியர் கைதாயினர். ஏப்ரலில் தண்டத்தொகை செலுத்தி நாடு திரும்பினர். இரண்டு நிகழ்ச்சிகளிலும் உள்ளத்தில் குற்றம் இல்லை. தாம் செய்வது பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்பதை எண்ணிப் பாராமைதான் குறை. விமானிகளின் உரையாடலை ஒட்டுக்கேட்கும் வானொலிக் கருவிகளை உரிமமின்றி வைத்திருத்தல் கூடாது என்பது இவற்றால் நாம் கொள்ளும் பாடம்.

இனி, நேரிய முறையில் படமெடுக்க விரும்புவோர்க்குச் சில செய்முறைக் குறிப்புகள்.

முதலாவது காற்று. வானூர்தி எழும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்கொண்டே செல்லும். மதுரை ஓடுதளம் கிழக்கு மேற்காக அமைந்தது; அதன் முனைகளுக்கு 09 எனவும் 27 எனவும் பெயர். திசைகாட்டியின் 90 பாகை கிழக்கு, 270 பாகை மேற்கு. இறுதிச் சுழியை நீக்கினால் அவ்வெண்கள் கிடைக்கும். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் எனக் காற்றுக்கு நான்கு பெயர் வைத்த மொழி நம்முடையது. கோடை வீசும் ஆனி, ஆடித் திங்கள்களில் வானூர்திகள் பெரும்பாலும் கிழக்கிலிருந்து வந்து மேற்கு நோக்கி இறங்கும். கொண்டல் வீசும் ஐப்பசி, கார்த்திகையில் இது பெரும்பாலும் தலைகீழாகும். கம்பம் பள்ளத்தாக்கின் ஆடிக்காற்றை அறிந்த நம் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது ஒளி. கதிரவன் நம் முதுகுப்புறம் இருக்க வேண்டும். ஐப்பசி முதல் மாசி வரை கதிரவன் தென்புறம் சாய்ந்து செல்வதால் ஓடுதளத்தின் தெற்கே நிற்பது நன்று. மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் இருப்பதால், சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணி நடு வரை நண்பகற் கதிரவன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். எப்படியாயினும் நண்பகல் நமக்கு உதவாது. சூடேறிய தரையிலிருந்து எழும் கானல் படத்தை நெளியச் செய்யும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் எடுத்த படங்களே தெளிவாக அமையும்.

மூன்றாவது ஷட்டர் வேகம். ஜெட் வானூர்திக்கு 1/1000 நொடி பொருந்தும். மதுரைக்கு வந்துபோகும் ஏ.டி.ஆர். 72 வகைச் சிறு வானூர்தியை அதே வேகத்தில் எடுத்தால் சுழல்விசிறி அசையாது நிற்பதுபோல் தோன்றும்; பறக்கும் ஊர்தி பழுதுபட்டுத் தொங்குவதாகப் படும். ஆறு இதழ்கள் கொண்ட அவ்விசிறி நிமிடத்துக்கு 1,200 சுற்று வரை சுழலும். அப்போது ஓர் இதழ் நின்ற இடத்துக்கு அடுத்த இதழ் வர 1/120 நொடி ஆகும். எனவே 1/125 நொடியில் எடுத்தால் விசிறி முழுவட்டமாகப் பொலியும். அவ்வளவு மெதுவாக எடுக்கையில், கேமராவை வானூர்தியோடு ஒரே சீராகத் திருப்பும் கைப்பழக்கம் வேண்டும். யாப்புப் பழகுவதுபோல இதுவும் பழகப் பழக வரும்.

இனி ஒழுகலாறு. பொதுச்சாலையிலோ பொதுவிடத்திலோ மட்டும் நில்லுங்கள். தனியார் நிலமாயின் உரியவரிடம் கேட்டு நில்லுங்கள்; மல்லிகைத் தோட்டத்து வரப்பில் மிதிபடும் ஒரு செடி ஒரு குடும்பத்தின் வருவாய். வேலியில் ஏறுவதும், மதிலில் ஏணி சாத்துவதும், கம்பியிடுக்கில் லென்சை நுழைப்பதும் கூடா. விமானியின் கண்ணை உறுத்தும் ஃபிளாஷ் விளக்கும் லேசர் ஒளியும் அறவே விலக்கத்தக்கன. உண்டு மீந்ததை எறியாதீர்கள். எச்சில் இலைக்குக் காகம் வரும், பருந்து வரும். பறவை மோதினால் எஞ்சின் பழுதுபடும். விமான நிலையத்தைச் சுற்றி 10 கி.மீ. வட்டத்துக்குள் குப்பை கொட்டுவதை வானூர்தி விதிகளே தடுத்தமைக்குக் காரணம் இதுதான். வண்டிகளைச் சாலையில் நிறுத்திப் போக்குவரத்தை மறிக்கலாகாது.

ஓட்டுவார் இன்றியே வானில் செல்லும் ஊர்தியைப் புறநானூற்று 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் குறிப்பிடுகிறார். நல்வினை செய்தோர் அடையும் பேறாக அதை அவர் சொன்னார். இன்று அத்தகைய ஊர்தி கடையில் விலைக்குக் கிடைக்கிறது, ட்ரோன் என்கிறோம். விமான நிலையத்தருகே அதைப் பறக்கவிடுவது தீவினையாகவே முடியும். 2021ஆம் ஆண்டின் விதிகள் நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 12 கி.மீ. வரை பல நிலைகளில் கட்டுப்பாடு விதித்துள்ளன.

காவலர் வந்தால் கேமராவைத் தாழ்த்திவிட்டு, “ஐயா, வணக்கம். வானூர்திப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. இந்தக் கல்லூரியில் படிக்கிறேன். இங்கே நிற்கலாமா?” என்று நாமே முந்திக்கொண்டு கேட்க வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். படங்களைப் பார்க்க வேண்டும் என்றால் காட்டுங்கள். “போய்விடுங்கள்” என்றால் வாதாடாமல் போய்விடுங்கள். இசைவு வேண்டுமாயின் மறுநாள் நிலைய இயக்குநருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். அன்று விட்டுக்கொடுப்பது ஒரு படந்தான். சினந்து பேசினாலோ அடுத்து வரும் பத்துப் பேருக்கும் அவ்விடம் இல்லாமற் போகும். மாணவியர் இருவராகவோ மூவராகவோ செல்வதும், செல்லுமிடத்தை வீட்டில் சொல்லிச் செல்வதும் நன்று. சென்னையில் பரங்கிமலை உச்சியிலிருந்து விமான நிலையம் நன்கு தெரியும். ஆனால் அது வழிபாட்டிடம்; வேண்டுதலோடு வருவோரின் அமைதியைக் கெடுக்காமல் நிற்கத் தெரிந்தவர்க்கே அந்தக் காட்சி உரியது.

இதுவரை சொன்னவை வேலிக்கும் காவலுக்கும் உரியவை. இந்த அவைக்கெனச் சிறப்பாக நான் சொல்ல வந்தது இனித்தான் வருகிறது.

அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுத்த நெறி. புறத்தில் பெயர் சொல்லலாம். அரசன், போர்க்களம், ஊர் என எல்லாவற்றையும் சொல்லலாம். விமான நிலையத்திலும் இவ்விரு திணைகளும் உண்டு என்பது என் துணிபு. வானூர்தி புறம். அதற்குப் பெயருண்டு, இந்திய வானூர்தி ஒவ்வொன்றின் உடலிலும் ‘வி.டி.’ எனத் தொடங்கும் ஐந்தெழுத்து உண்டு. அந்தப் பெயரையும், எந்நாளில் எவ்விடத்தில் கண்டோம் என்பதையும் தாராளமாகக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் புறப்பாட்டு வாயிலில் நிற்பது பாலைத்திணை. பிரிந்து செல்லும் கணவன், கைக்குழந்தையோடு நிற்கும் மனைவி, முந்தானையால் கண்ணைத் துடைக்கும் தாய் ஆகியோர் நமக்குப் படப்பொருள் ஆகமாட்டார். அவர்கள் அழுவது நமக்காக அன்று. எடுத்தே தீர வேண்டுமாயின் இசைவு பெற்று எடுக்க வேண்டும். இயலாதபோது முகம் தெரியாத நிழலுருவாய் எடுக்க வேண்டும்.

முகத்தை மறைத்தால் மட்டும் போதாது. நெடுநல்வாடையில் பாட்டுடைத் தலைவனின் பெயர் இல்லை. ஆயினும் வேலில் வேப்பந்தழை சூட்டியிருந்த செய்தி ஒன்று வந்துவிட்டது. வேம்பு பாண்டியர்க்கு உரியது. ஆகவே தலைவன் இன்னான் என்று வெளிப்பட்டுவிட்டது எனக் கொண்டு, உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனைப் புறமாக வகுத்தார். ஒரு தழை ஒருவரை இன்னார் என்று காட்டிவிடுகிறது! இன்றைய படத்தில் அந்த வேப்பந்தழையாக இருப்பவை எவை? பெட்டியில் ஒட்டிய பெயர்ச்சீட்டு, கையிலுள்ள பயணச்சீட்டின் எண், திறந்திருக்கும் கடவுச்சீட்டு, காவலர் மார்பிலுள்ள பெயர்ப்பட்டை, கைப்பேசிப் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும் இடக்குறிப்பு ஆகியவை. படத்தைப் பிறர்க்கு அனுப்புமுன் எங்கேனும் ஒரு வேப்பந்தழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

துயர வேளையில் இந்நெறி இன்னும் இன்றியமையாதது. 2025 ஜூன் 12ஆம் நாள் அகமதாபாத்திலிருந்து இலண்டன் புறப்பட்ட ஏர் இந்தியா வானூர்தி விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 242 பேரில் ஒருவரே உயிர் தப்பினார். தாழப் பறக்கும் வானூர்தியை ஆசையோடு கைப்பேசியில் எடுத்துக்கொண்டிருந்த பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனின் ஒளிப்பதிவில் அந்த வீழ்ச்சி பதிந்துவிட்டது. நண்பர்களுக்குக் காட்ட எடுத்த படம் ஒரு பெருந்துயரின் சான்றாயிற்று. காவல்துறை அவனைச் சாட்சியாக அழைத்து வாக்குமூலம் பெற்றது. நம் பிள்ளைகளுள் எவருக்கும் இது நேரலாம். நேர்ந்தால் செய்யத்தக்கது ஒன்றே: பதிவை அழிக்காமல், வெட்டாமல், புலனாய்வோரிடம் ஒப்படைப்பது. இறந்தோரின் உடல் தெரியும் படத்தைப் பரப்புவது எந்தத் திணைக்கும் உரியதன்று. ஏனென்றால் அதைக் காணப்போகும் கண்களுள் தாயின் கண்ணும் இருக்கும்.

இத்துயரம் நமக்கும் அண்மையது. 2018 மார்ச் 11ஆம் நாள் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றத்துக்கு வந்தோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீட்புப் பணிக்கு வான்படையின் ஹெலிகாப்டர்கள் சூலூரிலிருந்து இம்மலைக்கு வந்தன. ஹெலிகாப்டர் இறங்குமிடத்தில் அதன் விசிறிக்காற்று கல்லையும் மண்ணையும் வாரி எறியும். கூடி நிற்கும் கூட்டம் தூக்குப்படுக்கை செல்லும் வழியை மறிக்கும். அத்தகைய நேரத்தில் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வழிவிட்டு நிற்பதே நற்செயல். காட்சிக்காக மலைச்சரிவில் ஏறுவோர், வனத்துறையின் இசைவின்றியும் தீப்பருவத்திலும் ஏறலாகாது என்பதைக் குரங்கணி நமக்குக் கற்பித்த விலை பெரிது.

எல்லாவற்றையும் தடையாகவே சொல்லிவிட்டேனோ என்று தோன்றலாம். வரவேற்று இடங்கொடுக்கும் ஊர்களும் உண்டு. சிங்கப்பூர்த் தமிழர்கள் சாங்கிக் கடற்கரைப் பூங்காவில் குடும்பத்தோடு அமர்ந்து தலைக்குமேல் இறங்கும் வானூர்திகளைக் காண்கின்றனர். ஜப்பானின் நரித்தா விமான நிலையத்தருகே செர்ரி மரங்கள் சூழ்ந்த மேடொன்றைப் பூங்காவாக்கி வானூர்தி காண்போர்க்கு அளித்துள்ளனர். பெங்களூரை அடுத்த எலகங்காவில் 1996 முதல் ஈராண்டுக்கொருமுறை நடைபெறும் வானூர்திக் கண்காட்சியில் கேமராவுக்குத் தடையின்றிப் படமெடுக்க வாய்ப்புண்டு. 2024 அக்டோபர் 6ஆம் நாள் சென்னை மெரினாவில் வான்படை நடத்திய சாகசக் காட்சியைக் காணப் பெருந்திரள் கூடியது. அன்று கடும் வெயிலில் ஐவர் உயிர் நீத்தனர். குடிநீரும் தலைக்குத் துணியும் திரும்பும் வழியும் கேமராவுக்கு முன்னரே எண்ணப்பட வேண்டியவை என்பதை அந்நாள் உணர்த்திற்று.

ஆதலின் இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பதினோராம் ஆண்டில், கல்லூரிகளின் பரிந்துரையோடு மதுரை விமான நிலைய இயக்குநருக்கு ஒரு விண்ணப்பம் அளிப்போம். ஆண்டில் ஒரு நாள், அவர்கள் குறிக்கும் இடத்தில், அவர்கள் காவலின்கீழ், பதிவு செய்துகொண்ட மாணவ மாணவியர் வானூர்திகளைப் படமெடுக்க இசைவு கோருவோம். எடுத்த படங்களுக்கு நம் கவிஞர்கள் பாட்டெழுதட்டும். இசைவு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மறுத்தால் மறு ஆண்டும் கேட்போம். ஒளிந்து நின்று எடுத்த நூறு படங்களைவிடக் கேட்டுப் பெற்று எடுத்த ஒரு படம் பெருமை உடையது. அத்துடன், கேமராவைத் திருப்பிக் கொடுத்த அந்தப் பெண்ணின் வீட்டாருக்கு நாம் காட்டுவதற்கு முத்திரையிட்ட ஓர் இசைவுக் கடிதமேனும் நம் கையில் இருக்கும்.